சௌந்தர்யாவைப் பற்றி ஒரு விசாரிப்பு

"நல்லா சொன்னது குத்தமா? ஏ வேம்பு, ஒம் பொண்ணைப் பத்தி நாலு வார்த்தை நல்லபடியா சொன்னது குத்தமான்னு கேக்கறேன்!"

"நீங்க நல்லா சொல்லித்தாங்க பாயம்மா அது பொழப்பு போச்சு! கெட்டதா சொல்லியிருந்தாக்கூட வேலை கெடச்சிருக்கும்!"

"கேட்டுக்கோங்கய்யா எல்லாரும்! கெட்டதா சொல்லணுமாம். நாளைக்கே சொல்றேன். எனக்கா தெரியாது?"

"சொல்லித்தான் பாருங்களேன், அப்புறம் இருக்குது!"

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கிற அந்தத் தெருவில் சண்டை ஒன்றும் புதிதல்ல. உடைந்த சரக்குக்குச் சண்டை நடக்கும், தண்ணீர் லாரிக்கு நடக்கும், யார் வீட்டுக் கோழி யாருடைய ஈரக் களிமண்ணில் நடந்தது என்பதற்குக்கூட நடந்திருக்கிறது. ஒருத்தியைப் புகழ்ந்து பேசியதற்காக இன்னொருத்தி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தது மட்டும் இதுதான் முதல் தடவை. சரக்கு ஏற்றிக் கிளம்ப இருந்த மினிலாரிக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டான். எதிர்ப் பட்டறைப் பெண்கள் கையில் பிரஷ்ஷோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

இருவருக்கும் நடுவில் வேம்புவின் மகள் சௌந்தர்யா நின்றாள். எம்.பி.ஏ. இந்த வருஷம்தான் முடித்தவள். 'பூசல் தீர்க்கும் முறைகள்' என்கிற பாடத்தில் எண்பத்திரண்டு மார்க் வாங்கியவள். அந்தப் புத்தகத்தில் ஐந்து முறைகள் போட்டிருந்தது. பெற்ற தாயின் கொண்டை அவிழ்ந்து தொங்குகிற நேரத்தில் எந்த முறையைப் பயன்படுத்துவது என்று மட்டும் போடவில்லை. அவள் கையில் போன் இருந்தது. போனில், காலையில் வந்த மெயில். ஓசூரில் டைல்ஸும் வாஷ்பேசினும் செய்கிற ஒரு பெரிய கம்பெனியிலிருந்து. உங்கள் நியமனத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம், முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரித்ததில் கிடைத்த தகவலும் நீங்கள் கொடுத்த விவரமும் ஒத்துப்போகவில்லை, மூன்று வேலை நாளுக்குள் விளக்கம் கொடுக்கவும் என்று எழுதியிருந்தது.

இந்த மூன்று நாளுக்குப் பின்னால் காத்தவராயன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருக்கிற மங்களூரில் சொந்தமாக ஒரு அறுவடை மெஷின் வைத்திருக்கும் தாய்மாமன் மகன். நல்லவன்தான். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஏக்கர் அறுத்தது, பெல்ட் எங்கே அறுந்தது என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சு கிடையாது, அவ்வளவுதான். "நவராத்திரிக்குள்ள வேலை கெடச்சா போ. இல்லன்னா மாமன் வூட்டுல பேசி முடிச்சிருவோம்" என்று சௌந்தர்யாவின் அப்பா கலியபெருமாள் கெடு வைத்திருந்தார். நவராத்திரிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

வேம்பு பாயம்மா என்று கூப்பிட்ட சுல்தான் பீவி யார் என்று சொல்லிவிட வேண்டும். மங்கலம்பேட்டையில் பிறந்து, பரக்கத்துல்லாவைக் கட்டி, இந்தத் தெருவுக்கு வந்தவள். பட்டறையில் சூளை பரக்கத்துல்லாவுடையது. மற்றதெல்லாம் பீவியுடையது. ஆர்டர் எடுப்பது, கூலி கொடுப்பது, திட்டுவது, தீபாவளிக்குத் துணி எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. லெட்டர்பேடில் அச்சடித்திருக்கும் போன் நம்பரும் அவளுடையதுதான். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். டீக்கப்பும், கொலு பொம்மையும் போகும். பொம்மைக்குக் கண் எழுதுவதற்கு வேம்புவை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் எழுதினால் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஒன்றரைக் கண் வந்துவிடும்.

பீவிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும், மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிற இடம் பீவிதான். இந்து வீடோ துலுக்க வீடோ, கணக்கு ஒன்றே. தெருப் பெண்கள் எல்லாரும் ஏதோ ஒரு லீவில் அவள் பட்டறையில் உட்கார்ந்து நல்ல கப்பு, கீறல் கப்பு என்று பிரித்தவர்கள். அதனால் அவள் வாக்குக்கு மதிப்பு. விசாரிப்புக்கு என்று ஒரு பேச்சு வைத்திருந்தாள். பெண் தலை நிமிராது, எதிர்த்துப் பேசாது, ஒரு டம்ளர் அரிசியில் நாலு பேருக்குச் சோறாக்கும். பெண் யாராக இருந்தாலும் இதே பேச்சுத்தான். கேட்பவர்களுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் கேட்பார்கள். அப்படிச் சொல்லாமல் விட்டால்தான் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது காலேஜ்.

பைபாஸ் ஓரமாக நாலு மாடியில் நிற்கும் அந்த மேனேஜ்மென்ட் காலேஜில், வேலை வாங்கித் தரும் பொறுப்பு பழமலைநாதன் சாருடையது. கோடை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனுஷன். அவர் வகுப்புச் சுவரில் 'புரொஃபஷனல் வேல்யூஸ்' என்று ஏழு வார்த்தைகள் ஃப்ரேம் போட்டுத் தொங்கும். முதல் வார்த்தை நேர்மை. அதன் கீழேதான் அவருடைய நாற்காலி.

சௌந்தர்யா அந்த வகுப்பில் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை. கை குலுக்குவது எப்படி என்று கற்றுக்கொண்டாள். இரண்டு குலுக்கு, மூன்றாவது குலுக்கினால் கெஞ்சுவதாக அர்த்தமாம். நாற்காலியில் முக்கால் பாகம் உட்கார வேண்டும் என்று கற்றாள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் அப்பா பெயர், ஊர் எல்லாம் சொல்லக்கூடாது என்று கற்றாள். 'உங்களுடைய பலவீனம் என்ன?' என்று கேட்டால் 'எதையும் ரொம்ப நுணுக்கமாகச் செய்வேன், அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் சார் என் பலவீனம்' என்று சொல்லக் கற்றாள். அந்த வகுப்பில் நாற்பத்தோரு பேர். நாற்பத்தோரு பேருக்கும் அளவுக்கு மீறி உழைப்பதுதான் பலவீனம். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பயோடேட்டா எழுதுகிற நாள் வந்தது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் சௌந்தர்யா, 'எட்டாம் வகுப்பிலிருந்து விடுமுறைகளில் பீங்கான் பட்டறையில் சரக்குப் பிரித்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். நிஜமாகவே அவளுக்கு அது கைவந்த வேலை. சூளையிலிருந்து வந்த கப்பை விரலால் ஒரு சுண்டு சுண்டினால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அவள் காதுக்குத் தெரியும். நல்லது ஒரு பக்கம், செகண்ட்ஸ் ஒரு பக்கம். ஒரு மணி நேரத்தில் அறுநூறு கப்பு.

பழமலைநாதன் சார் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பு பிரிச்சேன்னு எழுதினா, கப்பு பிரிக்கத்தாம்மா கூப்பிடுவான்."

"ஆனா சார், அதுதானே சார் நெசம்?"

"நெசம்தான். அதை ஏன் இப்படி ஏழ்மையா சொல்றே? அதுக்கு ஒரு பிரசன்டேஷன் இருக்குதில்ல?"

அவரே டைப் அடித்தார். ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ். இரண்டு வருஷம். தரக் கட்டுப்பாடு, குழு நிர்வாகம். மாதச் சம்பளம் பதினெட்டாயிரம். முடித்துவிட்டுச் சுவரில் இருந்த ஏழு வார்த்தைகளுக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்து, "போயி கையெழுத்து வாங்கிட்டு வந்துடு" என்றார்.

வாங்குவது சிரமமில்லை. சூளை பற்ற வைக்கிற நாளில் யார் எதைக் கேட்டாலும் பரக்கத்துல்லா 'இல்லை' என்று சொல்லமாட்டார். அன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வந்தால் சூளையில் பாதி சரக்கு வெடித்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. தெருவுக்கே இது தெரியும். கடன் கேட்பவர்கள், லீவு கேட்பவர்கள், வாடகை பாக்கி வைத்தவர்கள் எல்லாரும் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சௌந்தர்யாவும் அன்றைக்குத்தான் போனாள். அவர் கண்ணில் வழிந்த வேர்வையோடு படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "மாமா, ஓசூர்லேருந்து போன் பண்ணி விசாரிப்பாங்க. பாயம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று அவள் சொன்னதற்கும் "சரிம்மா" என்றார். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் சரிதான். சொன்னதை மறுநாள் வரை ஞாபகம் வைத்திருப்பது அந்த நம்பிக்கையில் சேரவில்லை போல.

வகுப்புத் தோழன் பிரேம்நாத் இவ்வளவு சுற்றவில்லை. அவனுடைய மாமா பாவாடை, மனை வாங்கி விற்கிற புரோக்கர். போனில் பேசுவதே அவருக்குத் தொழில். முள்ளுக்காட்டை 'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்' என்று சொல்லி விற்றவர். அவரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியானார், அவரே அதன் மேலாளருமானார். பிரேம்நாத் அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்ததாகச் சர்டிபிகேட் அச்சானது. அவன் வாழ்க்கையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு இடத்துக்குப் போனது கிரிக்கெட் டோர்னமென்ட்டுக்குத்தான்.

ஓசூர் கம்பெனி வந்தது. இருவரையும் தேர்ந்தெடுத்தது. நாலு மாவட்டத்துக்குக் கடை கடையாகப் போய் டைல்ஸ் விற்கிற வேலை. சௌந்தர்யா அன்று வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தாள்.

திங்கட்கிழமை, ஓசூர்க்காரர்களுக்காக ஆட்களை விசாரித்துச் சொல்கிற ஒரு சென்னைக் கம்பெனியிலிருந்து பீவிக்குப் போன் வந்தது.

"வணக்கம் மேடம், சென்னையிலேருந்து கயல்விழி பேசறேன். சௌந்தர்யா கலியபெருமாள் பத்தி ஒரு சின்ன வெரிஃபிகேஷன். எங்க பக்கம் எல்லாம் ஓகே ஆயிடுச்சு. கடைசியா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிச்சிடலாம்."

பீவி எழுந்து நின்று முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். இந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத் தகவல் மையத்துப் பெண்கள் எல்லாம் இப்போது இப்படித்தான் மேடம் போட்டுப் பேசுகிறார்கள். போன மாதம்கூட கோடி வீட்டுப் பெண்ணுக்காக ஒருத்தி பேசினாள்.

"கேளும்மா, கேளு. தங்கமான பொண்ணு."

"உங்ககிட்ட எத்தனை வருஷமா இருக்காங்க?"

"பொறந்ததுலேருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்."

"மத்தவங்களோட எப்படிப் பழகுவாங்க மேடம்?"

"பழகவே பழகாது. தரையைப் பாத்துதான் நடக்கும். ஆம்பளை எதிரே வந்தா சந்துல ஒதுங்கிக்கும்."

"ஓ... தனியா முடிவெடுக்கற திறமை?"

"அய்யய்யோ, அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. பெரியவங்க சொல்லாம தண்ணி குடிக்காது."

"வெளியூரெல்லாம் போய் வருவாங்களா?"

"சேத்தியாத்தோப்பைத் தாண்டி அதுக்கு உலகமே தெரியாதும்மா. அடக்கமான புள்ள."

"வேலையில எப்படி மேடம்?"

பீவிக்கு இந்தக் கேள்வியின் உள்நோக்கம் நன்றாகத் தெரியும். படித்த பெண், கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவேன் என்று அடம்பிடிக்குமோ என்று மாப்பிள்ளையின் அம்மா பயப்படுகிறாள். அவள் குரலைத் தாழ்த்தி உறுதியாகச் சொன்னாள்.

"அந்தக் கவலையே வேணாம். வேலைக்குப் போகணும்னு அதுக்கு ஆசையே கெடையாது. ஏதோ படிச்சுது. வூட்டோட இருன்னா இருந்துக்கும். கல்யாணம் ஆன மறுநாளே எல்லாத்தையும் விட்டுடும். நான் பொறுப்பு."

"சம்பளம் எவ்வளவு குடுத்தீங்க மேடம்?"

"சம்பளமா? நம்ம வூட்டுப் புள்ளைக்குச் சம்பளம் குடுப்பாங்களா? பண்டிகைக்குத் துணி எடுத்துக் குடுப்பேன், லீவுல கைச்செலவுக்கு ஏதாவது."

எதிர்முனையில் தட்டச்சு ஓடுகிற சத்தம் கேட்டது. "ரொம்ப நன்றி மேடம். ரிப்போர்ட் அனுப்பிடறோம்."

பீவி போனை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் சர்க்கரையோடு நேரே வேம்பு வீட்டுக்குப் போனாள். "வாயைத் தொற வேம்பு, முடிஞ்ச மாதிரிதான்" என்று வாயில் போட்டாள். மெட்ராஸ் சம்பந்தம், கம்பெனி மாப்பிள்ளை என்பதெல்லாம் சர்க்கரை கரைவதற்குள் முடிவாகிவிட்டது. கலியபெருமாள் போய் முகச்சவரம் செய்துகொண்டு வந்தார். நிச்சயமாகிற வரைக்கும் பெண் காதில் போடக் கூடாது என்று இரண்டு நாள் மூவரும் வாயை இறுக்கி வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலையில் மெயில் வந்தது. யார் போன் பண்ணினார்கள், யார் எடுத்தார்கள் என்று சௌந்தர்யா துருவித் துருவிக் கேட்க, சர்க்கரைக் கதை வெளியே வந்தது. அப்புறம்தான் வேம்பு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பியது.

வேம்பு அதோடு நிற்கவில்லை. "இனிமே ஒங்க பொம்மைக்கு நீங்களே கண்ணு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சென்னைக்குப் போக வேண்டிய நவராத்திரி சரக்கு நானூறு பொம்மை, கண் இல்லாமல் வரிசையாக உட்கார்ந்து பீவியைப் பார்த்தது. பார்த்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அன்று சாயங்காலமே பீவி ஆள் அனுப்பினாள். "மறுபடி போன் பண்ணச் சொல்லு. என்னா சொல்லணுமோ அதையே சொல்றேன்."

வியாழக்கிழமை பழமலைநாதன் சார் கோட்டோடு பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் பாகம் உட்கார்ந்தார். கேள்வியும் பதிலுமாக இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மேடம், நான்தான் கம்பெனிக்காரன்னு வெச்சுக்குங்க. சௌந்தர்யாவோட பலவீனம் என்ன?"

"முன்பல்லு கொஞ்சம் எடுப்பு. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

சௌந்தர்யா உதட்டை மூடிக்கொண்டாள்.

"அதில்ல மேடம். அளவுக்கு மீறி உழைப்பாங்கன்னு சொல்லணும்."

"அது எப்படிங்க பலவீனமாவும்?"

"அதான் மேடம் புரொஃபஷனலிசம்."

பீவி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தாள். ஒன்றிரண்டு வரி வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இது எக்ஸிக்யூட்டிவ்னா நான் யாருங்க?"

"நீங்க மேனேஜிங் டைரக்டர்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கீழே ஒரு வரியில் விரல் நின்றது. "சம்பளம் பதினெட்டாயிரம்னு போட்டிருக்குதே?"

"அது பேப்பர்ல மட்டும்தான் மேடம்."

"பி.எஃப். ஆபீஸ்காரன் பேப்பரைத்தாங்க பாப்பான். நாளைக்கு வந்து ரெண்டு வருஷத்துக்குக் கட்டுன்னா நீங்க கட்டுவீங்களா? பொண்ணு விசாரிக்க வந்தா நான் நூறு பொய் சொல்லுவேன், கேக்கறவனுக்கும் தெரியும் சொல்றவளுக்கும் தெரியும். இது கவர்மென்ட் சமாச்சாரம். எம் பேர்ல வரும்."

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம். கேட்டா நான் இருக்கேன்." ஏழு வார்த்தைகளுக்குக் கீழே உட்கார்கிறவர் கையை மார்பில் வைத்துச் சொன்னார்.

நானூறு பொம்மைகளையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு பீவி தாளை வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஓசூரிலிருந்தே அதிகாரி பேசினார். போன் ஸ்பீக்கரில், கப்பு அடுக்கிய மேஜைமேல். ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் சௌந்தர்யா. வேம்பு வரவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே அவள் சேலை நுனி தெரிந்தது.

பீவி பிரமாதமாக ஆரம்பித்தாள். "திங்கக்கெழமை பேசுனது தப்பாப் போச்சுங்க, நான் கல்யாண விசாரிப்புன்னு நெனச்சுட்டேன்" என்றதும் அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தது நல்ல சகுனம் என்று சார் கட்டை விரலைக் காட்டினார். அப்புறம் தாளில் இருந்தபடி எல்லாம் போயிற்று. குழுவை நடத்துவாள். தானே முடிவெடுப்பாள். நாலு மாவட்டம் என்ன, நாற்பது மாவட்டம் போவாள். அளவுக்கு மீறி உழைப்பாள். சௌந்தர்யாவுக்கு மூச்சு வந்தது. ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டல் ரூமில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

"எல்லாம் சரிங்கம்மா. ஃபைலை மூடணும். அவங்க கடைசி மூணு மாச பே ஸ்லிப்பும் பி.எஃப். நம்பரும் மட்டும் அனுப்பிடுங்க."

இது தாளில் இல்லை.

பீவி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சாரைப் பார்த்தாள். 'கேட்டா நான் இருக்கேன்' என்ற சார், திடீரென்று ஒரு டீக்கப்பை எடுத்து அதன் அடிப்பாகத்தைக் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

"பி.எஃப். எல்லாம் கெடையாதுங்க!" பீவியின் குரல் உச்சத்துக்குப் போய்விட்டது. "சம்பளமே கெடையாது! லீவுல வந்து கப்புப் பிரிக்கும், அவ்வளவுதான்! கையெழுத்துப் போட்டது எங்க வூட்டுக்காரரு, அன்னிக்குச் சூளை மூட்டுனோம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. எக்ஸிக்யூட்டிவ்னு எழுதுனது இந்தக் கோட்டுப் போட்ட சாருங்க!"

சார் கண்ணாலேயே சௌந்தர்யாவை நெருக்கினார். ஏதாவது சொல், ஏதாவது பண்ணு. சௌந்தர்யாவுக்கு அந்த நிமிஷம் அறுவடை மெஷின் சத்தம் காதில் கேட்டது. போனை இழுத்துக்கொண்டாள். கற்ற பாடமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாய்க்கு வந்தது. தெளிவான குரல், பதட்டமில்லாத நடை.

"சார், குட் மார்னிங். மன்னிச்சுக்கோங்க. இப்போ பேசினவங்க ஓனர் இல்ல சார். இங்க சரக்கு அடுக்கறவங்க. அவங்களுக்கு ஆபீஸ் விஷயம் ஒண்ணும் தெரியாது. போனை அவங்க எடுத்துட்டாங்க."

பட்டறையில் ஒரு பிரஷ் அசையவில்லை.

சொன்ன பிறகுதான் பீவி தன் எதிரே நிற்பது சௌந்தர்யாவுக்குத் தெரிந்தது. பீவி கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. "நான் அடுக்கறவளா சௌந்தரி?" என்று மட்டும் கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது. ஸ்பீக்கர் அணையவில்லை, அதனால் ஓசூருக்கும் கேட்டது.

"சரிங்கம்மா, நாங்க மெயில் அனுப்பறோம்" என்றது போன்.

நாலு மணிக்கு மெயில் வந்தது. நேர்மையே எங்கள் நிறுவனத்தின் முதல் விழுமியம் என்று ஆரம்பித்து, வருந்துகிறோம் என்று முடிந்தது. அதே நாலு மணிக்குப் பிரேம்நாத்துக்கும் வந்தது. அவனுக்கு வாழ்த்துகிறோம் என்று இருந்தது. பாவாடை மாமா அரைமணி நேரம் பேசியிருக்கிறார். பே ஸ்லிப் கேட்டதற்கு மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார். பேச்சோடு பேச்சாக அந்த அதிகாரிக்கு ஒரு மனையும் காட்டுவதாக ஏற்பாடு. பழமலைநாதன் சார் பிரேம்நாத்தின் போட்டோவைப் பெரிதாக அச்சடித்துக் காலேஜ் வாசலில் மாட்டினார்.

சௌந்தர்யா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுதது வேலைக்கா, பீவியின் அந்தச் சின்னக் குரலுக்கா என்று அவளிடமே கேட்டாலும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். பட்டறைப் பக்கம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று தெருமுனை வரை போனாள், திரும்பி வந்தாள். மூன்றாம் நாள், மனதில் இருந்ததை யார்மேலாவது கொட்டியாக வேண்டுமே, பீவியிடம் பேசிய அந்த விசாரிப்புக் கம்பெனி நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள்.

"என் வாழ்க்கையில மண்ணைப் போட்டீங்களே, ஒங்களுக்கே நல்லாயிருக்குதா? ஒருத்தங்க கல்யாணத்துக்குச் சொல்றாங்களா, வேலைக்குச் சொல்றாங்களான்னுகூடவா தெரியாது?"

கயல்விழி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "தெரிஞ்சுதுங்க. நடுவுலேயே தெரிஞ்சுது. ஆனா சொன்னதை எழுதறதுதான் எங்க வேலை. தப்பா நெனைக்காதீங்க, நான் தெனம் அறுபது பேரைக் கூப்பிடறேன். அறுபது பேரும் அளவுக்கு மீறி உழைப்பாங்கன்னுதான் சொல்றாங்க. உங்க பாயம்மா ஒருத்தங்கதான் மனசுவிட்டுப் பேசினாங்க. அந்த ரெக்கார்டிங்கை ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்."

"நல்லாயிருக்குது!"

"இருங்க, வெக்காதீங்க. நீங்க இப்ப அஞ்சு நிமிஷம் மூச்சுவிடாம கேள்வி கேட்டீங்களே, அதுக்குத்தான் இங்க ஆள் தேடறாங்க. தமிழ் பேசணும், யாரு பொய் சொல்றாங்கன்னு காதாலயே கண்டுபிடிக்கத் தெரியணும். வர்றீங்களா?"

"எனக்கு அனுபவம் ஒண்ணும் இல்ல. சர்டிபிகேட்டும் இல்ல. கப்புதான் பிரிச்சிருக்கேன்."

"வேணாம். எங்களைச் சேத்துக்கும்போது யாரையும் கூப்பிட்டு விசாரிக்கறதில்ல. அதுக்கெல்லாம் யாருக்கு நேரம்?"

நவராத்திரிக்கு நாலு நாள் முன்னால் சௌந்தர்யா சென்னைக்குப் பஸ் ஏறினாள். சம்பளம் ஓசூரில் பாதி. அவளை யாரும் விசாரிக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் அந்த ஆபீஸில் அதிகமாகப் பொய்யைப் பிடித்தது அவள்தான். அதில் ஒரு கொத்து, தான் படித்த காலேஜிலிருந்தே வந்தது. எல்லாரும் ஆபரேஷன்ஸ் எக்ஸிக்யூட்டிவ், எல்லாருக்கும் பதினெட்டாயிரம். பழமலைநாதன் சார் போன் போட்டு, "நம்ம பசங்கம்மா, பாத்துப் பண்ணு" என்றார். "பாத்துதான் சார் பண்றேன். அந்த மூணு மாச பே ஸ்லிப்பை மட்டும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள் அவள், தெளிவான குரலில், பதட்டமில்லாமல். பதினான்கு பேருக்கு வேலை நின்றுபோனது. அந்தப் பதினான்கு பேரில் இரண்டு பேர் நிஜமாகவே வேலை பார்த்தவர்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சௌந்தர்யாவிடம் அதை யாரும் கேட்டதில்லை.

வேம்பு ஒரே வாரத்தில் பட்டறைக்குத் திரும்பிவிட்டாள். நானூறு பொம்மைக்கும் கண் வந்தது, சரக்கும் போனது. பீவியும் அவளும் இப்போது ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். ஆனால் சௌந்தர்யா பொங்கலுக்கு வந்தபோது பட்டறை வழியாக வரவில்லை, பின் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பீவியும் கூப்பிடவில்லை. வருகிறவர் போகிறவரிடம் மட்டும், "என் போனாலதான் அதுக்கு மெட்ராஸ்ல வேலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுக்க யாருக்கும் வழியில்லை.

பழமலைநாதன் சார் சேலம் பக்கம் ஒரு காலேஜுக்குப் போய்விட்டார், ஃப்ரேமையும் கழற்றி எடுத்துக்கொண்டு. காத்தவராயன் தையில் சேத்தியாத்தோப்புப் பெண்ணைக் கட்டினான். அவளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமாம், இருவருக்கும் பேச்சு ஓய்வதே இல்லை என்கிறார்கள். பிரேம்நாத் எட்டே மாதத்தில் ஓசூரை விட்டுவிட்டு வந்து, பாவாடை மாமாவின் மகளையே கட்டிக்கொண்டு மனை வியாபாரத்தில் சேர்ந்துவிட்டான். கயல்விழிக்குத் திருப்பூரில் மாப்பிள்ளை. கல்யாணமான மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். அவளுடைய நாற்காலியில் இப்போது சௌந்தர்யா உட்கார்ந்திருக்கிறாள், முழுசாகச் சாய்ந்து.